வெளுத்த பிள்ளை

ஹேவாஹெட்ட
4-6-1932

அன்புள்ள மங்களம்,

இங்கு சுகம். நீரும் தம்பியும் அக்கா வீட்டில் நலமென்று நம்புகிறேன். நான் போகச் சொன்னதற்காக நீர் என்னோடு பேசாமலே பஸ் ஏறியது மனதில் இருக்கிறது. மூத்த மகளை இந்தத் தேயிலைத் தோட்டத்து மண்ணில் புதைத்த பிறகு, நம் மகன் தம்பியையும் இங்கே வைத்திருக்க எனக்குத் துணிவில்லை.

இன்றும் என் மருந்துச்சாலைக்கு வந்த குழந்தைகள் வெளுத்துத்தான் இருந்தன. "எம் புள்ள பால் குடிக்கக்கூட அசதிப்படுதுங்கய்யா" என்றாள் ஒரு தாய். அவள் கண்ணிமையின் உள்ளும் சிவப்பில்லை. இந்த மண்ணிலிருந்து ஏறும் கொக்கிப்புழு அவள் வயிற்றிலிருந்து இரத்தத்தைக் குடிக்கிறது. பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

கண்டியில் அந்தப் பயமில்லை. தம்பிக்கு முன்போலவே டின்பால் மட்டும் கொடும். மற்ற உணவில் அழுக்குச் சேரும், வேறொன்றும் வேண்டாம்.

உமது
இராஜரத்தினம்

கட்டுக்கலை, கண்டி
27-6-1932

அன்பின் அத்தானுக்கு,

தம்பி இப்போது தவழ்வதில்லை. நேற்று இராஜேஸ்வரி அக்கா அவன் இமையைப் பிரித்துப் பார்த்து, "என்னடி, பிள்ளை இப்பிடி வெளுத்துப் போனான்!" என்று பதறினா. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே குண்டசாலையிலிருந்து வந்த குழந்தையும் வெளுப்புத்தான், அதற்கு மலேரியா. தம்பிக்குக் காய்ச்சலுமில்லை, புழுவுமில்லை.

"என்ன குடுக்கிறியள்?" என்றார் டொக்டர்.

"டின்பால் மட்டும்."

"பத்து மாதப் பிள்ளைக்கு அது காணாது. அதிலை இரும்புச்சத்து இல்லை" என்று மருந்து தந்தார். கீரையும் முட்டை மஞ்சட்கருவும் கொடுக்கச் சொன்னார். இன்று காலை இரண்டு கரண்டி கீரைச்சோறு சாப்பிட்டான்.

உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஊர் மாறினால் போதுமென்று இனி நம்பமாட்டேன். பயப்படுவதென்றால் ஒரே வீட்டிலிருந்து பயப்படுவோம். சனிக்கிழமை வருகிறோம். வேண்டாமென்று தந்தி அடித்தாலும் வருவேன்.

மங்களேஸ்வரி

ஹேவாஹெட்ட
29-6-1932

அன்புள்ள மங்களம்,

உமது கடிதம் கண்டதும் மருந்துச்சாலையைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்துவிட்டேன். மருந்து கொடுக்கும் நானே பிள்ளையை வெளுக்க வைத்தேனே.

வரவேண்டாமென்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. மழையில் பாதை இடிந்திருக்கிறது, பஸ் சந்திவரைதான் வரும். தம்பியைத் தூக்கிக்கொண்டு தனியே மேடு ஏறவேண்டாம். குடையோடு அங்கே நிற்பேன்.

இராஜரத்தினம்