கூப்பிட்ட பெயர்

1996 மே 5, ஞாயிறு

இன்று அப்பாவிடம் சொல்லாமல் விட்டது: அண்ணன் இனி வரமாட்டான் என்று நான் நினைப்பது.

மாதத்தின் முதல் ஞாயிறு, கடித நாள். சந்தைக்கு வேலைக்குப் போகுமுன் அப்பா சொல்லச் சொல்ல, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். கிருஷாந்தன். 1990இல் மட்டக்களப்பில், அகதி முகாமிலிருந்து சீருடைக்காரர் கொண்டுபோனார்கள். இடது புருவத்தில் தழும்பு.

“வயச மாத்து புள்ள. இப்ப அவனுக்கு இருபத்தெட்டு.”

மாற்றினேன்.

மே 18, சனி

இங்கே மொன்ட்ரியாலில், ஆற்றுத் தீவிலுள்ள பழைய கோட்டையில் ஒத்திகை. எங்கள் குழு இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய படையணி இசையை அந்தக் காலத்து உடுப்போடு வாசிக்கிறது. நான் ஃபைஃப் ஊதுகிறேன் — ஒரு முழம்கூட இல்லாத மரக்குழல். தலைமுடியைத் தொப்பிக்குள் சொருகிவிட்டால் நானும் ஒரு சிப்பாய்.

அப்பா சொன்னது ஒன்றுதான். “ஊது. அந்த உடுப்போட மட்டும் வீட்டுக்க வராத.”

ஜூன் 12, புதன்

ஆவணக் காப்பகத்தில் நான் படியெடுத்த சாவு ஊர்வல இசை இன்றுதான் பிடிபட்டது. தாளில் குழலுக்கான சுரங்கள் மட்டும்; ட்ரம்முக்கு ஒரு கோடுகூட இல்லை. மூன்று வாரமாக எங்கள் ட்ரம்காரர் மத்தியூ தட்டித் தட்டிப் பார்த்தார். நான் மூச்செடுக்கும் இடத்தில் அடி விழவேண்டும், அவ்வளவுதான். ட்ரம்மில் கறுப்புத் துணி போர்த்தினால் மண் விழுவதுபோல் ஒரு சத்தம்.

ஓகஸ்ட் நிகழ்ச்சியில் துணி போர்த்துமுன், குழுவில் ஒவ்வொருவரும் இழந்த ஒருவரின் பெயரை அவர் உரத்துக் கூப்பிடுவாராம். “உனக்கு யாராவது?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

ஆறு வருடமாக அப்பாவிடம் சொல்லாததை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 20, சனி

மத்தியூ மெற்றோ ரயிலில் அண்ணனின் பெயரைச் சொல்லிப் பழகுகிறாராம். “பக்கத்திலிருந்த கிழவி ஜெபமென்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.” எல்லோரும் சிரித்தோம். நானும்.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

கோட்டையில் நிகழ்ச்சி. அப்பா வந்திருந்தார். சொல்லாமல், லீவு எடுத்து, பிளம்ஸ் பையோடு முதல் வரிசையில். அணியில் நின்றபிறகுதான் கண்டேன். மத்தியூவைத் தடுக்க நேரமில்லை. இல்லை, இருந்தது. அதற்கு முன் நாலு பெயர் கூப்பிட்டாரே.

ஐந்தாவது, கிருஷாந்தன். பிழையே இல்லாமல்.

அப்பா எழும்பினார். ஊரில், இராணுவ முகாம் வாசல்களில் பிடித்து வைத்திருப்பவர்களின் பட்டியல் வாசித்தால் தகப்பன் உடனே எழும்பவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, சிப்பாய்க் கோட்டுப் போட்ட மத்தியூவின் முன்னால் போய் நின்றார்.

“ஓம், நான்தான் தகப்பன்.”

நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். மத்தியூ கறுப்புத் துணியோடு அப்படியே நின்றார். நான் அணியை விட்டு இறங்கி அப்பாவின் கையைப் பிடித்தேன்.

மெற்றோவில் கேட்டார். “எங்க வச்சிருக்காங்களாம் புள்ள?”

“அது செத்த ஆக்கள்ர பேர், அப்பா.”

“ஆரு குடுத்த?”

“நான்தான் குடுத்தன்.”

பஸ் மாறி எங்கள் மொன்ட்ரியால்-நோர் வரும்வரை பையை மடியிலேயே வைத்திருந்தார். அந்த உடுப்போடயே வீட்டுக்க வந்திட்டன். அப்பாதான் கதவத் திறந்துவிட்டார். என்ன செஞ்சன் நான்?

செப்டெம்பர் 1, ஞாயிறு

கடித நாள். தாளையும் பேனாவையும் மேசையில் வைத்துக் காத்திருந்தேன். அப்பா தேநீர் குடித்தார். சப்பாத்தைப் போட்டார். “வாறன்” என்றுவிட்டு வேலைக்குப் போனார்.

ஒக்டோபர் 6, ஞாயிறு

இந்த மாதமும் எழுதச் சொல்லவில்லை.