வேலையில் இருக்கும் கவிதா அக்கா

வியாழன், இரவு.

நாட்டு மக்களுக்கு ஓர் அறிவிப்பு: எங்கள் நர்சிங் கல்லூரி விடுதியில் இன்று சட்னி கெட்டியாக இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் வருகிறதே!

படித்து முடித்தவர்களுக்கு வேலை கிடைத்ததா என்று காட்டினால்தான் இனி அங்கீகாரமாம். எனக்கு வாய் நீளம் என்று அவர்களுக்குப் போன் போடும் வேலையைத் தந்தார்கள். இங்கே படித்து முடித்த சோமனூர் கவிதா அக்கா ஜவுளிக்கடையில் பில் போடுகிறார்.

"நர்ஸ் வேலை கெடைக்கலீன்னே எழுதுங்க தம்பி. எங்கள வார்டுப் பக்கமே உடல. ஊசி போடத் தெரியலீன்னு ஆஸ்பத்திரில திருப்பி அனுப்பிப்போட்டாங்க. உங்களையாச்சும் வார்டுக்கு அனுப்பட்டும்" என்றார்.

பக்கத்திலிருந்த பிரின்சிபால் மேடம், "ஊட்ல மாமனாருக்குச் சுகர் பாக்கறாளான்னு கேளு கண்ணு" என்றார்.

கேட்டேன். "பாக்கறனுங்க" என்றார் அக்கா.

"அப்புறமென்ன, நர்ஸுதான். வேலையில இருக்கான்னு போடு."

தரமாம் தரம், சுத்தத் தந்திரம்! எனக்கு ரத்தம் கொதித்தது. "ஏனுங்க மேடம், தெனமும் எங்கப்பனுக்குக் காலமுக்கற எங்கம்மா பிசியோதெரபிஸ்டுங்களா?" என்று கேட்டேன்.

விடுதி அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். அவர்களிடம் நான் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன். மேடத்திடம் சொன்னது "சரிங்க மேடம்" மட்டும்தான். அப்போது அக்கா இன்னும் லைனில்தான் இருந்தார்.