நுரைக்குப் பத்துக்குப் பத்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் தாய்மாமன், அண்டசராசரத்துக்கும் ஒரே பீர் நீதிபதி எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், அந்த வரி மட்டும் வரவில்லை. முதலில் ஒன்று செய். மாடிப்படிக்கு அடியில் நீ அடுக்கியிருக்கும் கோதுமை பீர் பக்கம் உன் மகள் சின்னவளை விடாதே. அவளுடைய பொம்மை வீடு அங்கேதானே இருக்கிறது? அவளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு வந்து மீதியைப் படி. கடிதம் கொண்டுவந்த வேன்காரர் நீ படித்து முடிக்கும்வரை வாசலை விட்டு நகரமாட்டார். சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நேற்றே போனில் சொல்ல வந்தேன். உன் பீர் பாட்டில் வெடித்து வீடே ஆகாயத்துக்குப் பறந்துவிட்டது என்று தொடங்கினேன், நீ சிரித்தாய். "போன மாசம் உங்க வீட்டு எலி யானை சைஸ்ல இருந்துச்சு, இப்ப பீர் பாட்டில் பீரங்கியா மாமா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாய். அப்புறம் நீ எடுக்கவே இல்லை. எலி விஷயத்தில் நான் கொஞ்சம் தாராளமாக இருந்தது உண்மைதான்.

நீ காய்ச்சி அனுப்பிய நாலு வகையையும் சனிக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேஜையில் சபை கூட்டி விசாரித்தோம். நான், உன் அத்தை, பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர். எது எதுவென்று தெரியாமலிருக்க பாட்டில்களுக்குப் பழைய காலுறை மாட்டினோம். லாகர் என்ற வெளிர்மஞ்சள் பீர் அத்தனை தெளிவு, தம்ளருக்குப் பின்னால் பேப்பரை வைத்துப் படிக்கலாம். கறுப்பு பீரில் வறுத்த காபி மணம். ஒரே வாயில் மருந்துக்கடைக்காரர் தன் மாமியாரை மன்னித்துவிட்டார். கசப்பு பீர் என் மாமனாரை நினைவூட்டியது என்றேன். அத்தை முறைத்தாள்.

கோதுமை பீரின் மூடியைத் தட்டியதும் நுரை கூரையைத் தொட்டது. ஆண்கள் இருவரும் எழுந்து நின்று கைதட்டி, நுரைக்குப் பத்துக்குப் பத்து போட்டோம். அத்தை மட்டும், "இது நுரை இல்லீங்க, கோபம். உள்ள இன்னும் பொங்கி அடங்கல, அவசரப்பட்டு மூடிட்டான்" என்றாள். சபையில் குறுக்கே பேசக்கூடாது என்று அடக்கினேன். உடனே உன்னைக் கூப்பிட்டு, கோதுமைக்கே கிரீடம் என்றும் அறிவித்தேன். நீயும் வருகிற ஞாயிறு விருந்துக்கு அதையே எடுத்து வைத்துவிட்டாய்.

அந்தக் கோதுமை பீரில் மிச்சம் இரண்டு பாட்டில் எங்கள் சமையலறை அலமாரியில் இருந்தன. நேற்று வெயில் ஏறியதும் ஒன்று தானாக வெடித்தது. யாரும் தொடவில்லை. அத்தை பக்கத்தில் நின்று தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள். இன்னொன்று இப்போதும் உள்ளேதான் இருக்கிறது. சமையலறையைப் பூட்டிவிட்டு, கதவையே பார்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

உன்னிடம் இருப்பதும் அதே அண்டாவில் காய்ச்சியது. கையால் தூக்காதே, குலுக்காதே. தள்ளி நின்று கனமான கம்பளியை மேலே போட்டு மூடு. விருந்தை நிறுத்து. அவற்றை எப்படி அகற்றுவது என்று விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கேள்.

என் கடிதங்களுக்கு அடியில் அத்தை எப்போதும் ஒரு வரி எழுதுவாளே, "மாமா சொன்னதுல பாதியைக் கழிச்சுக்கோ" என்று. இந்த முறை அவளால் எழுத முடியவில்லை. வலது கண்ணில் கட்டு. வியாழக்கிழமை அவிழ்த்துப் பார்த்துத்தான் டாக்டர் சொல்வாராம். ஆனாலும் தன் வரி இல்லாமல் கடிதம் போகக்கூடாது என்கிறாள். அவள் சொன்னதை நான் எழுதுகிறேன்: "இதுல எதையும் கழிக்காதே."

சின்னவள் நூறு வயதுவரை இந்த உலகத்தைக் கண் நிறையப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா