பத்தா, எழுபதா

மார்ச் 4, செவ்வாய்

நாளை பதினொரு மணிக்கு நேர்காணல். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டிப் பொருத்தும் பட்டறை. தயாரான கண்ணாடியின் பவர், கடைக்காரர் எழுதி அனுப்பிய சீட்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. விளம்பரத்தை இருபது தடவை படித்துவிட்டேன். அதில் பத்து தடவை, 'வாடிக்கையாளரிடம் பேச வேண்டியதில்லை' என்ற ஒரு வரிக்காக.

போன வேலை பதினேழு நாள் தாங்கியது. தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கழிப்பறையில் போய் உட்கார்ந்தேன். மணி ஆறாகும் வரை வெளியே வரவில்லை. மறுநாள் போகவே இல்லை.

அம்மா சொல்கிறார்: "கண்ணப் பாத்துப் பேசு. விரலப் பிசையாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு." மூன்றையும் ஒன்றாகச் செய்தால் கேள்வியே காதில் விழாது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 5, புதன்

"உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றார் மேலாளர்.

மனப்பாடம் செய்துகொண்டு போன எட்டு வாக்கியமும் காணவில்லை. மேசை விசிறி மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தது. பிறகு வாய் தானாக உளறிவிட்டது. "சார், எனக்கு ஆட்டிசம். போன வருஷம்தான் டாக்டர் சொன்னாங்க. பேச்சுல தடுமாறுவேன். நம்பர்ல தடுமாற மாட்டேன்."

அவர் நெற்றியைத் தேய்த்தார். கோபமா, தலைவலியா? "திங்கக்கிழமை வாங்க. ஒரு மாசம் பாப்போம்."

வீட்டில் சொன்னதும் அம்மா அழுதார். எந்த அழுகை என்று கேட்டேன். சந்தோஷமாம். கண்ணைத் துடைத்த கையோடு, "அத ஏன்டி அவர்ட்ட போய்ச் சொன்ன?"

ஒரு மாசம் பார்ப்போம் என்றால் — எதைப் பார்ப்பார்?

மார்ச் 10, திங்கள்

என் மேசை மூலையில். நல்லவேளை, முதுகுக்குப் பின்னால் சுவர்தான். பக்கத்து மேசையில் அக்கா. பன்னிரண்டு வருடமாக இங்கே இருப்பவர். மேலாளர் உள்பட எல்லாருக்கும் அக்கா. லென்ஸ் அரைக்கிற இயந்திரம் நின்றாலும் அவர் பேச்சு நிற்பதில்லை. சரிபார்த்த சீட்டில் முத்திரை குத்த வேண்டும். ஆளுக்கொரு எண். "புது ஆளுக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் குடுப்பாங்க. அதுவரைக்கும் என்னோடதக் குத்து" என்று தன் ஆறாம் எண் முத்திரையை இரண்டு மேசைக்கும் நடுவில் வைத்தார்.

மார்ச் 12, புதன்

சாப்பாட்டு மேசையில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கொஞ்சம் பிந்திவிட்டேன் போல. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாளைக்குப் பசியில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

ஒரு சீட்டில் லென்ஸின் கோணம் பத்தா, எழுபதா? கடைக்காரர் போட்ட கோடு ஒன்று மாதிரியும் இருக்கிறது, ஏழு மாதிரியும் இருக்கிறது. கருவியில் வைத்தால் பத்து காட்டியது. வெட்டியவர் பத்து என்று படித்திருக்கிறார். சரியாகப் படித்தாரா?

கேட்கலாம் என்று எழுந்தேன். மேலாளரும் அக்காவும் வாசல் பக்கம் நின்று ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் போய் நின்றேன். ஒருவர் முடிக்குமுன் மற்றவர் ஆரம்பித்தார். எந்த இடத்தில் நுழைவது? நாலு நிமிடம் நின்றேன். திரும்பி வந்து முத்திரை குத்திவிட்டேன்.

பத்தாகத்தான் இருக்கும். இருக்கும்தானே?

மார்ச் 19, புதன்

எழுபது.

கண்ணாடி திரும்பி வந்துவிட்டது. பேருந்து ஓட்டுநருடையதாம். வீட்டில் போட்டுப் பார்த்திருக்கிறார், தரை சாய்ந்து தெரிந்திருக்கிறது, உடனே கழற்றிவிட்டார். கழற்றாமல் வண்டியில் ஏறியிருந்தால்? ஐயோ. ஒரு பேருந்து நிறைய ஆட்கள்.

சீட்டில் ஆறாம் எண் முத்திரை. மேலாளர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார்: "பன்னெண்டு வருஷ சர்வீஸ், இதக்கூடப் பாக்க மாட்டீங்களாக்கா?" அக்கா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் பாத்ததா ஞாபகமே இல்ல சார்…"

நான் ரெண்டடி தள்ளி நின்றேன். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை வரவில்லை.

மார்ச் 20, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "பேசாம இருந்துடு. அவங்க பழைய ஆளு, வேலைய விட்டெல்லாம் அனுப்ப மாட்டாங்க. உன்ன அனுப்பிடுவாங்கடி" என்றார். அம்மாவுக்கும் பயம். என் பயம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

வாயால் சொன்னால் பாதியில் நின்றுபோகும். நடந்ததை மேலாளருக்குக் காகிதத்தில் எழுதினேன். ஐந்தே வரி, பதினோரு தடவை கிழித்து எழுதியது.

மார்ச் 21, வெள்ளி

மேலாளர் இரண்டு தடவை படித்தார்.

"அன்னைக்கே ஏன் கேக்கல?"

"நீங்க பேசிட்டிருந்தீங்க."

"குறுக்க வந்து கேக்க வேண்டியதுதானே!"

"அது தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பேன் சார்."

மறுபடியும் நெற்றியைத் தேய்த்தார். போச்சு என்று நினைத்தேன். பையை எடுக்க எழுந்தும்விட்டேன். "உக்காருங்க. ஒரு மாசம்னு சொன்னேன், அத மூணு மாசமா ஆக்கிப் பாக்கறேன். இனிமே சந்தேகம் வந்தா சிவப்புச் சீட்டு ஒட்டி என் மேசைல வைங்க. பேச வேணாம்."

வெளியே வந்து எல்லார் முன்னாலும் அக்காவிடம் வருத்தம் தெரிவித்தார். அக்கா என்னைப் பார்த்தார். "ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அதன் பிறகு என்னிடம் எதுவும் பேசவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

இன்றும் பேசவில்லை. கண்ணாடிகள் இருக்கும் தட்டை என் பக்கம் நகர்த்துகிறார், முத்திரையை நடுவில் வைக்கிறார், அவ்வளவுதான். கோபமா? அசதியா? இனி இப்படியேதானா? முகத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. அவர் நாற்காலி கிறீச்சிட்டாலே கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். வேலையை விட்டுவிடலாமா?

மார்ச் 27, வியாழன்

தாங்க முடியவில்லை. கேட்டேவிட்டேன். "அக்கா, இன்னும் கோவமா இருக்கீங்களா? எனக்குப் பாத்துத் தெரிஞ்சுக்க வராது."

கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். "ஆமா, கோவந்தான்." விரல் விட்டு எண்ணினார். "திங்கக்கிழமைக்குள்ள போயிரும்."

கோபத்துக்குத் தேதி சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

மார்ச் 31, திங்கள்

காலையில் வந்ததும் கேட்டேன். "இன்னும் கொஞ்சம் பாக்கியிருக்கு. புதன்கிழம கேளு" என்றார். வாய் ஓரம் லேசாக அசைந்தது. அது சிரிப்பா என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

நூற்றுப் பதினாலு கண்ணாடி, சிவப்புச் சீட்டு மூன்று. மத்தியானம் முழுக்க அக்கா தன் கொழுந்தன் வீடு மாறிய கதையைச் சொன்னார். பீரோ மாடிப்படியில் சிக்கி, கொழுந்தன் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டாராம். நடுவில் நான் ரெண்டு கேள்வி கேட்டேன்.

கோபம் பாக்கியிருக்கிறதா என்று கேட்க மறந்துவிட்டேன். இதை எழுதும்போதுதான் நினைவு வருகிறது.