ஒருமுறைதான் போடலாம்

பிப்ரவரி 3, திங்கள்

காலையிலிருந்து எங்கள் மலையூர் ரூத்தெங்கில் மழை. கன்னியர் மடத்து சிஸ்டர் ரெதெம்ப்தா காரை விட்டுப் போனார். புது மாதிரி கியர்பெட்டி. "பிரிக்கத் தெரியாது சிஸ்டர்" என்றேன். "தெரிஞ்சுக்கங்க மெல்கி" என்று சொல்லி, அந்தக் கார் கம்பெனியின் பட்டறைக் கையேட்டை என் ஃபோனுக்கு அனுப்பிவிட்டார். 1386 பக்கம்! முழுக்க ஆங்கிலம். பதினாறு வருஷமா ஸ்பேனர் பிடிக்கிறேன். ஒரு கையேடு படித்ததில்லை.

பிப்ரவரி 5, புதன்

ஃபோனில் படிப்பது பெரும் பாடு. படத்தைப் பெரிதாக்கினால் எழுத்து ஓரத்தில் போய் ஒளிகிறது. எழுத்தைத் தேடினால் படம் காணாமல் போகிறது. விரலில் கிரீஸ் இருந்தால் திரை மதிக்கவே மாட்டேனென்கிறது. சுண்டுவிரலால் தள்ளினேன், ஒரேயடியாக நாற்பது பக்கம் தாண்டிவிட்டது.

மொழிபெயர்க்கும் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். 'வேர்க்கடலையை இறுக்கவும்' என்கிறது. நட்டைத்தான் அப்படிச் சொல்கிறது. மனைவி மேனாவிடம் காட்டினேன். அடுப்பங்கரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

பிப்ரவரி 6, வியாழன்

கியர்பெட்டியைத் தேடிப் போனவன் முன்சக்கரப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

சக்கரத்தை அச்சோடு பிடித்து நிறுத்தும் பெரிய நட். அதன் விளிம்பைத் தட்டி மடக்கித்தான் பூட்டுவோம். ஒருமுறை கழற்றினால் அந்த நட்டைத் தூக்கிப் போட வேண்டுமாம். மறுபடி போடக் கூடாது. கறுப்புக் கட்டம் கட்டி எழுதியிருக்கிறான். நான் என்ன செய்தேன்? மடிந்த விளிம்பை நிமிர்த்தி, அதையே போட்டு, வேறு இடத்தில் தட்டி அனுப்பினேன். எத்தனை வண்டிக்கு!

வேறு வேறு வார்த்தையில் நாலு தரம் மொழிபெயர்த்துப் பார்த்தேன். நாலு தரமும் அதேதான்.

இந்த மழைக்காலத்தில் மட்டும் ஆறு வண்டி. மேனாவின் அண்ணன் கொர்னெலிஸ் வண்டியும் அதில் ஒன்று. ஆள் ஏற்றிக்கொண்டு கடலோரத்து லபுவான் பாஜோவுக்கு மலைப்பாதையில் தினம் இறங்குகிற வேன்.

பிப்ரவரி 7

புது நட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். எந்த வேலையும் ஓடவில்லை.

பிப்ரவரி 8, சனி

மேனாவிடம் சொல்லிவிட்டேன். இஞ்சிக் காப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இத்தனை வருஷமா அப்படித்தானே போட்டீங்க? ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலைன்னு நமக்கு எப்படித் தெரியும்? கழண்டு போனவன் இங்க வந்து சொல்லவா போறான்?"

வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "எங்க அண்ணன் வண்டியுமா?"

"ஆமா."

காப்பியைக் கீழே வைத்துவிட்டு அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். அவன் எடுக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்து கோவில் வாசலிலேயே கொர்னெலிஸைப் பிடித்தேன். கூட நாலு டிரைவர்கள். தனியாக வா என்றால் வரவில்லை, அங்கேயே சொல்லென்றான். சொன்னேன்.

"பாருங்கடா, எங்க மாப்பிள்ளை ஃபோன்ல படிச்சு டாக்டராயிட்டாரு! சும்மா ஓடுற வண்டியைப் படுக்கப் போடச் சொல்றாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். "மச்சான், ஒரு மணி நேரம் போதும்" என்றேன். "மெதுவா ஒருநாள் பாக்கலாம் மாப்ள" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஏன் சட்டையைப் பிடித்து நிறுத்தவில்லை நான்? நாலு பேர் முன்னால் மானம் போகுமென்றா? அதுதான் ஏற்கெனவே போய்விட்டதே.

பிப்ரவரி 11, செவ்வாய்

நட்டுகள் வந்தன. காலையிலேயே கிளம்பி வீடு வீடாகப் போனேன். முதல் நாலு வண்டியும் இறுக்கமாகத்தான் இருந்தன. மாற்றிக் கொடுத்தேன். 'பரவாயில்லையே, அத்தனைக்கு மோசமில்லை' என்று மனசு சொல்ல ஆரம்பித்தது.

ஐந்தாவது காய்கறி வியாபாரி ஹெர்மினாவின் வண்டி. நட்டின் மேல் விரலை வைத்தேன். சுற்றியது. ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை, வெறும் விரலுக்கே சுற்றியது.

"என்ன மெல்கி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றாள். போன வாரம் இந்த வண்டியில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மலை இறங்கியிருக்கிறாள். நடந்ததைச் சொன்னேன். திட்டுவாளென்று நின்றேன். பிள்ளைகளை மட்டும் உள்ளே போகச் சொன்னாள்.

புது நட்டைப் பூட்டிவிட்டுக் கொர்னெலிஸுக்கு ஃபோன் போட்டேன். மலையில் சிக்னல் இல்லை. ஜாக்கியையும் ஸ்பேனரையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மழையோடு மழையாக லெம்போருக்கு விட்டேன். பாஜோவிலிருந்து வருகிற வேன்கள் அங்கேதான் சாப்பிட நிற்கும். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். கடவுளே, அப்படி ஒரு பார்வை யாருக்கும் வேண்டாம்.

லெம்போரில் ஒன்றே கால் மணி நேரம் நின்றேன். வந்தான். ஒன்பது பேர் வண்டியில். நான் அவனிடம் பேசக்கூட இல்லை, பயணிகளைப் பார்த்துச் சொன்னேன்: "இந்த முன்சக்கரத்தை நான்தான் தப்பாப் பூட்டினேன். மாத்துற வரைக்கும் யாரும் ஏறாதீங்க."

கொர்னெலிஸ் முகம் கறுத்துப்போனது. "என் பொழப்பையே கெடுக்குறியா?" என்றான். ஜாக்கி போட்டுத் தூக்கினேன். ஒன்பது பேரும் மீன் குழம்புத் தட்டோடு சுற்றி நின்று பார்த்தார்கள்.

நட்டு இம்மியும் அசையவில்லை. நல்ல இறுக்கம்.

ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும். கொர்னெலிஸ் சிரிக்கவில்லை. "இனிமே என் வண்டி மேல கை வைக்காத" என்றான். இருந்தும் மாற்றினேன்.

பிப்ரவரி 12

நேற்றோடு ஆறும் முடிந்தது. இந்த மழைக்காலத்து வண்டிகள் சரி. அதற்கு முந்தியவை? கிட்டத்தில் இருப்பவர்களுக்கு ஆள்மூலம் சொல்லிவிட்டேன். ஊர்விட்டு ஊர் போனவர்களை எங்கே தேட?

பிப்ரவரி 20, வியாழன்

சிஸ்டரின் கியர்பெட்டி முடிந்து கார் போய்விட்டது. பட்டறையில் வேறு வண்டியே இல்லை. 'தப்பாப் போட்டேன்னு அவனே சொல்றான், அவன்கிட்ட எவன் விடுவான்' என்று சந்தையில் பேச்சாம். மேனா கேட்டுவிட்டு வந்து சொன்னாள். "வாயை மூடிக்கிட்டு நட்டை மட்டும் மாத்தியிருக்கக் கூடாதா?" என்றாள். பிறகு அவளே, "ஹெர்மினா பிள்ளைங்களை இன்னிக்குப் பாத்தேன்" என்றாள்.

பிப்ரவரி 26

அடுத்த பகுதியைப் படிக்க ஆரம்பித்தேன். பிரேக். படிக்கவே பயமாக இருக்கிறது. இதில் எதைத் தப்பாகச் செய்திருக்கிறேனோ? ஒரு பக்கம் படிப்பேன், எழுந்து நடப்பேன், திரும்ப வந்து உட்காருவேன்.

மார்ச் 4, செவ்வாய்

மத்தியானம் சிப்ரியானுஸ் வந்தான். சந்தைப் பக்கத்தில் பெரிய பட்டறை வைத்திருப்பவன், என் வாடிக்கைக்காரர்கள் இப்போது அவனிடம்தான் போகிறார்கள். கேலி பேச வந்திருக்கிறானென்று நினைத்தேன். கவிழ்த்து வைத்த டயர் மேல் உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசினான், காப்பி விலையைப் பற்றிப் பேசினான். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டான்:

"அந்தப் பக்கத்தை எனக்கும் அனுப்புறியா?"

அனுப்பவில்லை. ஃபோனையே அவன் கையில் கொடுத்தேன். கறுப்புக் கட்டத்தை விரலால் பெரிதாக்கி, உதடு அசைய, மூன்று தரம் படித்தான்.

"நானும் பழசைத்தான் போடுறேன் மெல்கி."

"எத்தனை வண்டி?"

"எண்ணல. வடக்கே ரேயோவுல ஒரு பள்ளிக்கூட வேன் ஓடுது. அதை நெனச்சாத்தான்..."

என்னிடம் மூன்று நட்டு மிச்சமிருக்கிறது. நாளை சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. காலைப் பூசை முடிந்ததும் இரண்டு பட்டறையையும் சாத்திவிட்டு, அவன் ஜீப்பில் நாங்கள் இருவரும் ரேயோவுக்குப் போகிறோம்.