முத்தையாவின் ஆம்ப்ளிஃபையரில் நான் செய்த திருத்தங்கள்

மார்ச் 3, 2024, ஞாயிறு

முத்தையா வந்தான். ஆறு வருடம் கழித்து. நாங்கள் வேலை பார்த்த பட்டர்வொர்த் மாக் மண்டின் தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது எங்கள் இருவரில் ஒருவர் போக வேண்டும் என்றார்கள். போனவன் நான். மேலாளர் ஆனவன் அவன். என் பெயரைக் கொடுத்தது யார் என்று அவன் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது?

காரிலிருந்து எழுபதுகளின் ஜப்பான் பவர் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை இறக்கினான். இறக்கினான் என்றால், நான் தூக்கினேன். அவன் "மெதுவா லா, மெதுவா" என்று மேற்பார்வை பார்த்தான். ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை.

"ஒரு பக்கம் பாடல புவனேஸ். ரெண்டு கடையில காட்டிட்டேன். ஒன்னாலதான் முடியும்."

இதை ஆறு வருடத்துக்கு முன் மேலிடத்தில் சொல்லியிருக்கலாம்.

கூலி வேண்டாம் என்றேன். எனக்கு வேண்டியது வேறு. "என்னைவிட நீதான் நல்ல எஞ்சினியர்" என்று அவன் வாயால் வரவேண்டும். சாட்சியோடு.

மார்ச் 5

மூடியைத் திறந்தேன். உள்ளே முந்தைய மேதையின் கைவண்ணம். சாலிடர், பல்லி எச்சம் மாதிரி. எரிந்துபோன டிரான்சிஸ்டர் போலி. மேலே பெரிய பெயர், உள்ளே கடுகளவு சரக்கு. அப்படிச் சிலர் மேலாளரே ஆகிவிடுகிறார்கள்.

மார்ச் 9

அசல் டிரான்சிஸ்டர் வந்தது, போட்டேன். வறண்ட கெபாசிட்டர்களையும் மாற்றினேன். முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது நடுவில் ஒரு குண்டு பல்பை இணைப்பேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், ஆம்ப்ளிஃபையர் பிழைத்துக்கொள்ளும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கியது. இரண்டு பக்கமும் பாடின.

ஆனால் மந்தம். கம்பளிக்குள் உட்கார்ந்து பாடுவது போல. ஜால்ராவைக் காணோம். ஜப்பான்காரன் இப்படியா செய்திருப்பான்? செய்திருக்கிறான். திருத்தவேண்டியதுதான்.

மார்ச் 10

மேல் சத்தத்தை, அதாவது கீச்சுச் சுரங்களை, தூக்க ஒரு சின்னக் கெபாசிட்டர் சேர்த்தேன். தேவலை. இன்னொன்றும் சேர்த்தேன். இப்போதுதான் மனிதன் கேட்கும்படி இருக்கிறது.

சமையலறையிலிருந்து குமுதா: "ஏங்க, பல்லு கூசுது. அத நிப்பாட்டுங்க!"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்குப் பிடித்த என் வேலை ஒன்று உண்டா?

மார்ச் 16

முத்தையா வந்து கேட்டுப் பார்த்தான். ஒரு பாட்டுக்குக்கூட முழுசாக உட்காரவில்லை.

"என்னாடா இது, ஊசியால குத்துற மாதிரி இருக்கு."

"அசல் சத்தம் இப்படித்தான் இருக்கும். ஒனக்குப் பழக்கமில்ல."

"இருக்கும் லா. ஆனா நான் வீட்டுல வெச்சிக் கேக்கணுமே?"

பொறாமை. வேறென்ன?

மார்ச் 23

மகள் ஹேமா கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கிறாள். எப்போதும் அம்மா கட்சி.

அளவெடுத்துக் காட்டி முத்தையாவின் வாயை அடைக்கலாம் என்று சிக்னல் ஜெனரேட்டரையும், அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பையும் இணைத்தேன். ஒற்றைச் சுரத்தை மெல்ல மெல்ல மேலே ஏற்றினேன். ஆறாயிரம் ஹெர்ட்ஸ் தாண்டியதும் சத்தம் நின்றது. ஆகா, கோளாறு இங்கேதான் என்று திரும்பினால் — ஹேமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"ப்பா! நிப்பாட்டுங்கப்பா! தல வெடிக்குது!"

திரையில் அலை இருந்தது. முழுசாக, அழகாக.

எட்டாயிரம். அலை இருக்கு. அவ கத்துறா. எனக்கு ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்ல.

கருவி பொய் சொல்லாது என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

மார்ச் 26

காதுப் பரிசோதனை. அஃப்ரீன் என்ற பெண், ஹேமா வயதுதான். "சத்தமான எடத்துல வேல செஞ்சீங்களா அங்கிள்?"

தகடு அடிக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில், பாதி ஆயுள்.

"காதுக்கு ஒன்னும் போடலையா?"

போடவில்லை. ஆரஞ்சு நிறக் காது அடைப்பான் ஆப்பரேட்டர்களுக்கு. நாங்கள் எஞ்சினியர்கள், வெள்ளைத் தொப்பிக்காரர்கள். அதை மாட்டிக்கொண்டால் எவன் மதிப்பான்? இதை அவளிடம் சொல்லவில்லை. சிரித்திருப்பாள்.

மார்ச் 30

சேர்த்த கெபாசிட்டர் இரண்டையும் கழற்றினேன். என் காதுக்கு மறுபடியும் கம்பளி. முத்தையாவைக் கூப்பிட்டேன்.

"நீ கேட்டுச் சொல்லு. எனக்கு மேல் சத்தம் கேக்கல."

எள்ளி நகையாடுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் நாற்காலியை இழுத்து, பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, இடது காதை ஸ்பீக்கருக்குக் காட்டி உட்கார்ந்தான்.

"எனக்கு இந்தக் காதுதான். வலது சுத்தமாப் போச்சு. வீட்டுல தெய்வானைகிட்ட ஒளறிடாத லா, டிவி சத்தத்துக்கே தெனம் சண்ட."

அவனுக்கும் வெள்ளைத் தொப்பிதான்.

ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டோம். முதலில் இடது ஸ்பீக்கர், பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வலது. "இதான்டா," என்றான். குமுதா ஈரக் கையோடு வந்து நின்று கடைசிவரை கேட்டாள். பல் கூசவில்லையாம்.

ஏப்ரல் 6

இன்னொருவரின் ஆம்ப்ளிஃபையர் மேசையில் இருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து முத்தையா வந்து கேட்டுச் சொன்னால்தான் மூடியைப் பூட்ட முடியும். யார் நல்ல எஞ்சினியர் என்பதைப் போன வாரமே தீர்த்திருக்கலாம். குமுதா சாட்சிக்கு நின்றாள். கேட்க மறந்துவிட்டேன்.

இன்னும் வரவில்லை. கடல் பாலத்தில் நெரிசலாம். மேலாளர் அல்லவா, நேரத்துக்கு வருவாரா?