உன் மப்ளரின் நூல் கடலில் கிடைத்தது

கழுத்தில் குளிர் தாங்காத என் சகலை ஏகாம்பரத்துக்கு,

சொல்வது நான், எழுதுவது உன் மகள் கௌரி. எனக்கு எழுத்து ஏறவில்லை என்பது உனக்குத் தெரியும்; கையெழுத்து கேட்டால் இன்றும் கட்டைவிரலைத்தான் நீட்டுகிறேன். கடல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். நடந்ததை அதில் சொல்லச் சொன்னார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வதைவிட உன்னிடம் சொல்வது எனக்குச் சுலபம். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும்.

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. சித்தூரில் மாங்கூழ் கம்பெனிகள் பெருகி, டிரம் டிரம்மாகக் கூழ் வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கியபோது நாம் இரண்டு பேரும் நம் ஊர் புத்தலப்பட்டில் ஒரே பஸ் ஏறினோம். ஊரில் நிலம் இருந்தவர்கள் யோசித்தார்கள். நமக்கு யோசிக்க என்ன இருந்தது? நீ சென்னைத் துறைமுகத்துக்குக் கூழ் லாரி ஓட்டினாய். நான் திருப்பதியில் ஒரு கல்லூரிக்கு வாட்ச்மேன் ஆனேன். வயதாகி வேலை முடிந்த பிறகும் அந்தக் கேட்டுப் பக்கமே போய் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கல்லூரியில் ஹேமா மேடம் என்று ஒருவர் இருக்கிறார். கடல் தண்ணீரின் மேல்பரப்பில் பிளாஸ்டிக் தூள் எவ்வளவு மிதக்கிறது என்று அளக்கிறார். பாட்டில், கவர் இல்லை சகலை, அதெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியும். இது வெயிலிலும் அலையிலும் நொறுங்கி, அரிசி நொய்யைவிடச் சின்னதாகப் போனது. மீன் அதைத் தீனி என்று நினைத்து விழுங்குகிறதாம். அளக்கச் சம்பளத்துக்கு ஆள் வைக்க வழியில்லை. அதனால் விருப்பப்பட்டு வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்கிறார். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், ஒரு நர்ஸம்மா, காலேஜ் பிள்ளைகள். முதல் நாள் வாளி தூக்க ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். அப்படியே ஒட்டிக்கொண்டேன்.

மாதத்துக்கு ஒருமுறை விடிவதற்கு முன் வேன் கிளம்பும். தடாவைத் தாண்டி ஒரு மீனவக் குப்பம். அங்கே போலய்யா என்பவருடைய படகு. அகல வாயும் நீளப் பையுமாக ஒரு வலை இருக்கிறது; நம் வேட்டித் துணி மாதிரி நெருக்கமான கண். அதைப் படகின் பக்கவாட்டில் தண்ணீர் மேலேயே மிதக்கவிட்டு அரை மணி நேரம் மெதுவாக இழுக்க வேண்டும். வலையின் வாயில் மீட்டர் ஒன்று கட்டியிருப்பார்கள். எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது என்று அது காட்டும். பிறகு பையை வெளியிலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவி, அடியில் தங்கியதைக் கண்ணாடி ஜாடியில் பிடிப்பார்கள்.

படகில் நோட்டு நனைந்துபோகும். நம்பர் வாசிக்க மட்டும் எனக்குத் தெரியுமே, மீட்டர் நம்பரைப் பார்த்துச் சொல்கிற வேலை என்னுடையது. ஒரு நாள் நோட்டு முழுக்க மசி கலைந்துவிட்டது. அன்று இழுத்த நாலு இழுப்புக்கும் முதல் நம்பர், கடைசி நம்பர், காற்று எந்தப் பக்கம், எல்லாம் கரையில் நின்று ஒப்பித்தேன். அதிலிருந்து மேடம் நோட்டை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் கேட்பார். நீ ஓட்டிய எட்டு லாரியின் நம்பரையும் நான் இன்னும் சொல்வேன். கௌரி சிரிக்கிறாள்.

இப்போது உன் மப்ளருக்கு வருகிறேன்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் பனிக்காலத்தில் கடை போடும் ஸ்வெட்டர்காரர்களிடம் நீ வாங்கினாயே, வாடாமல்லி நிறத்தில். லாரி ஓட்டும்போது கழுத்தில் சுற்றிக்கொண்டு எவ்வளவு பீற்றிக்கொண்டாய். "இது உல்லன் சகலே, சுத்தமா ஆட்டு ரோமம். காஷ்மீர்லேந்து வந்துகீது. துவரம்பருப்பு துன்ற உனுக்கு இதோட அருமை தெரியுமா" என்றாய். உன் கருமாதியன்று உன் துணிமணி எல்லாவற்றையும் நீவா ஆற்றில் விட்டோம். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் ஓடியது. மப்ளரை மட்டும் நான் ஒளித்து வைத்துக்கொண்டேன். இது கௌரிக்கே இப்போதுதான் தெரியும்.

கடல் காற்று காதுக்குள் இறங்குகிறது என்று மூன்றாவது தடவையிலிருந்து அதைச் சுற்றிக்கொண்டு போனேன். படகுக்கு வரும்போது பருத்தித் துணிதான் போட வேண்டும், சுத்தமாக வர வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். சட்டை பருத்தி, வேட்டி பருத்தி. மப்ளர் ஆட்டு ரோமம், அதில் என்ன பிளாஸ்டிக்? சுத்தம் என்றாரே என்று ஒவ்வொரு தடவையும் முதல் நாள் சோப்புப் போட்டு, பிரஷ் வைத்துக் கல்லில் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அது பஞ்சு பஞ்சாகப் பூத்தது.

படகில் ஒரு கண்ணாடித் தட்டை ஈரமாகத் திறந்து வைப்பார்கள். அது கடலைத் தொடுவதே இல்லை. எதற்கு வெறும் தட்டு என்று நான் கேலி செய்திருக்கிறேன். நம்மிடமிருந்து உதிர்வது எது, கடலில் இருந்தது எது என்று பிரித்துச் சொல்ல அதுதான் சாட்சியாம். ஏழாவது தடவை கரையேறிய பிறகு மேடம் எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பேசினார். ஜாடிகளில் ஒரே நிறத்து மெல்லிய நூல் வருகிறது, தட்டிலும் அதே நூல், ஆக அது படகிலிருந்துதான் விழுகிறது என்றார்.

எல்லோரும் போலய்யாவின் கயிற்றைப் பார்த்தார்கள். புது நைலான் கயிறு, அதுவும் கத்தரிப்பூவுக்கும் ரோஸுக்கும் நடுவில் ஒரு நிறம். பேங்க்காரர் படகை மாற்றிவிடலாம் என்றார். போலய்யாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. கடலைச் சோதிக்கிறேன் என்று வருகிறவர்கள் மீன்பிடியை நிறுத்தத்தான் வருகிறார்கள் என்று குப்பமே சொன்னபோது, எங்களுக்காக நின்று பேசியவர் அவர். "கயிறு தப்புன்னா இப்பவே அறுத்துப் போட்டுர்றேன் மேடம். படகை மாத்தாதீங்கோ. என் படகுதான் கடலை நாசம் பண்ணிச்சுன்னு பேசுவாங்கோ. என் புள்ளைங்க இங்கதானே இருக்கணும்" என்றார்.

அப்போது மப்ளர் என் கழுத்தில் இருந்தது. எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது சகலை. கயிறு சிறு பிசிறாகக்கூட உதிரவில்லை. என் தோளில் நிறம் நிறமாகத் தூசி. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மெதுவாகக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வேன் ஏறினேன். இந்தக் கடிதத்தில் நான் உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டியது இதுதான். மப்ளர் போனால் போகட்டும். என்னைப் படகில் ஏற்றமாட்டார்களே என்று பயந்தேன்.

மறுநாள் காலை பையோடு போய் மேடத்தின் மேஜையில் வைத்தேன். அவர் ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பு வைத்தார். ஆட்டு ரோமம் என்றால் மயிர் கருகுகிற நாற்றம் வந்து சாம்பலாகுமாம். இது உருகி, சுருண்டு, கடுகு மாதிரி கறுப்பு மணியாக நின்றது.

"தாத்தா, இது உல்லன் இல்லை. பிளாஸ்டிக்கு" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. காஷ்மீர் ஆடு! ஸ்வெட்டர்காரன் உன்னை ஏமாற்றினானா, நீ என்னை ஏமாற்றினாயா? இனி யாரைக் கேட்பது?

மேடம் சிரிக்கவில்லை. ஏழு தடவையும் இழுத்ததைத் தூக்கிப் போட வேண்டியதுதான் என்று தலையில் கை வைத்தார். அப்போது சொன்னேன். முதல் இரண்டு தடவை நான் மப்ளர் போடவில்லை. ஆறாவது தடவை வேனிலேயே மறந்து வைத்துவிட்டேன். அன்று கடைசி இழுப்பில் ஜெல்லிமீன் அடைத்து வலை கனத்தது. மேடம் நோட்டைப் புரட்டினார். ஜெல்லிமீன் எழுதியிருந்தது. அந்த மூன்று நாளின் ஜாடியிலும் தட்டிலும் வாடாமல்லி நூல் ஒன்றுகூட இல்லை. போலய்யாவின் கயிறு ஆறாவது நாளும் அதே கயிறுதான். மற்ற நாட்களில் அந்த நிறத்து நூலை மட்டும் கணக்கில் தள்ளி, தள்ளியதையும் மறைக்காமல் எழுதி வைத்தார்கள். மீதி தப்பியது.

அன்றைக்கே பஸ் பிடித்துக் குப்பத்துக்குப் போனேன். நான் சொல்லி முடிக்கும் வரை போலய்யா வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "அன்னிக்கே சொல்லிருக்கலாமே பெத்தாயனா" என்றார். தெலுங்கில் பெரியவரே என்றுதான் அர்த்தம். ஆனால் அவர் சொன்னதில் எனக்கு வயது கூடவில்லை, குறைந்தது. சொல்லியிருக்கலாம் என்றேன். கையிலிருந்த வலையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "வலை எதுக்கு, உன்னையே கயித்துல கட்டி இழுத்துக்கினு போயிருந்தா போதும்" என்றார். டீ வந்தது. படகு மாறவில்லை.

உன் மப்ளரில் ஒரு நூலை மேடம் நோட்டில் ஒட்டி, பக்கத்தில் உன் பேரைக் கேட்டு எழுதினார். இனி எந்த ஜாடியில் அந்த நிறம் வந்தாலும் அதோடு ஒத்துப் பார்க்கலாமாம்.

போன மாதம் தலையில் பருத்தித் துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். தட்டு சுத்தமாக இருந்தது. வலையில் மட்டும் ஒரே ஒரு வாடாமல்லி நூல். நோட்டில் இருந்ததோடு வைத்துப் பார்த்தால் அதே மாதிரி. இது நான் உதிர்த்ததா, வேறு யாருடைய மப்ளரா என்று கேட்டேன்.

"அது கடலுக்குத் தெரியாது தாத்தா. வலையிலே வந்தா எண்ணணும்" என்றார்.

எண்ணினோம்.

உன் மற்ற துணிகள் நீவாவில் போய் எங்கே சேர்ந்தன என்று இப்போது யோசிக்கிறேன். இதை மட்டுமாவது தண்ணீரிலிருந்து காப்பாற்றினேன் என்று ஆறு வருஷம் நினைத்திருந்தேன். அதையும் நானே நூல் நூலாகக் கடலில் விட்டிருக்கிறேன்.

மப்ளர் இப்போது டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நான் இருக்கும் வரை இன்னொரு நூல் அதிலிருந்து வெளியே போகாது. படகுக்குப் புதிதாக யார் வந்தாலும் கழுத்தில் என்ன என்று முதலில் நான்தான் கேட்பேன். என் காலம் முடிந்தால் என் துணியை ஆற்றில் விடக்கூடாது என்றும் கௌரியிடம் சொல்லிவிட்டேன். அப்புறம் மப்ளரை என்ன செய்வது பெரியப்பா என்கிறாள். கொளுத்தினால் உருகும், புதைத்தால் அப்படியே கிடக்கும். நீயே வைத்துக்கொள், உல்லன்தான் என்றேன்.

உன் மூத்த சகலை
முனிரத்தினம்
(இடது கட்டைவிரல் ரேகை. பக்கத்தில் இருந்து எழுதியது, உங்கள் மகள் கௌரி.)